கைக்கேற்ற கருவி

நுழையும்முன்

மண்வெட்டி, அரிவாள், உளி, சுத்தியல் முதலிய கைக்கருவிகள் செய்யும் வேலையை நாம் அறிவோம். அவை தம்மைப் பற்றியிருக்கும் கையை என்ன செய்கின்றன என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. உழைப்பவரின் உடலுக்கேற்பக் கருவியையும் பணியிடத்தையும் அமைக்கும் துறை பணிச்சூழலியல் எனப்படும். அத்துறையின் நோக்கில் கைக்கருவிகளை ஆராய்கிறது இப்பாடம்.

வலக்கையை முன்னே நீட்டி, ஒரு பேனாவை விரல்களால் இறுகப் பற்றுங்கள். பற்றியபடியே மணிக்கட்டை உட்புறமாக இயன்றவரை மடக்குங்கள். பிடி தளர்வதை உணர்வீர்கள். அருகிலிருப்பவர் பேனாவை எளிதில் உருவிவிடலாம். உங்கள் வலிமை எங்கே போயிற்று?

விரல்களை இறுக மடக்கும் வலிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றிலிருந்து கயிறுகள்போல் நீளும் தசைநாண்கள் ஒன்பதும் ஒரு நரம்பும், மணிக்கட்டிலுள்ள குறுகிய சுரங்கம் ஒன்றின் வழியே உள்ளங்கைக்குச் செல்கின்றன. மணிக்கட்டு நேராக இருக்கும்போது தசைநாண்கள் வழுக்கிச் செல்லும். அது வளைந்திருக்கும்போது சுரங்கத்தின் சுவரில் உராயும். ஒருமுறை உராய்வதால் தீங்கில்லை. நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை உராயும்போது அவற்றின் உறை வீங்குகிறது. இடமின்றி நரம்பு நசுங்குகிறது. விரல்கள் மரத்துப்போகின்றன, இரவில் கை எரிந்து உறக்கம் கலைகிறது. இதனை வயதின் கோளாறு என்று பலர் பொறுத்துக்கொள்கின்றனர். பல வேளைகளில் அது கருவியின் கோளாறு.

வளைய வேண்டியது எது?

மணிக்கட்டை வளைப்பதைவிடக் கருவியை வளைப்பது நன்று என்பது கருவி வடிவமைப்போரின் அடிப்படை விதி. நேரான பிடியுள்ள குறட்டால் மேசைமீதுள்ள கம்பியை முறுக்கும்போது மணிக்கட்டுப் பக்கவாட்டில் சாய்கிறது. பிடியைச் சற்று வளைத்துவிட்டால் கை நேராகவே இருக்கும். எனினும், வளைந்த பிடி எல்லா இடத்திற்கும் உதவாது. துப்பாக்கி போன்ற பிடியுள்ள துளையிடும் கருவி சுவரில் துளையிட ஏற்றது. அதையே மேசைமேல் கீழ்நோக்கிப் பிடித்தால் மணிக்கட்டு மீண்டும் மடங்கும். கருவியை மட்டும் பார்த்து அது நல்லதா தீயதா எனக் கூறிவிட இயலாது. வேலை எந்த உயரத்தில், எத்திசையில் நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பிடியின் பருமனும் முதன்மையானது. முழுக்கையாலும் பற்றி விசையுடன் பயன்படுத்தும் கருவிக்கு ஏறத்தாழ 30 முதல் 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிடி பொருந்தும். பிடி மெலிந்திருந்தால் நழுவாமலிருக்க மேலும் இறுக்க வேண்டியிருக்கும். பருத்திருந்தால் விரல்கள் சுற்றி வளைக்கமாட்டா. பிடி குட்டையாயின் அதன் முனை உள்ளங்கையின் நடுவில் அழுந்தும். மென்மையான அவ்விடம் அழுத்தத்தைத் தாங்காது. சில கருவிகளின் பிடியில் விரல்களுக்கெனப் பள்ளங்கள் அமைத்திருப்பர். பார்வைக்கு அழகுதான்; ஆனால், அப்பள்ளங்கள் ஒரே அளவுள்ள கைக்கே பொருந்தும். ஏனையோர்க்கு அவற்றின் மேடுகள் விரல்மூட்டில் உறுத்தும்.

1990இல் அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்த காய்த்தோல் சீவி இவ்வகையில் எண்ணத்தக்கது. மூட்டுவாதத்தால் துன்புற்ற தம் மனைவி, மெல்லிய உலோகப் பிடியுள்ள சீவியுடன் போராடுவதைக் கண்ட அவர், பருத்த மென்மையான இரப்பர் பிடியை அமைக்கச் செய்தார். நோயுற்ற கைக்காக உருவான அது, நலமுள்ள கைகளுக்கும் இதமாயிருந்தது.

செலவு குறைந்த சீர்திருத்தம் ஒன்றுண்டு; கருவியைத் தீட்டுதல். மழுங்கிய அரிவாளைப் பயன்படுத்துபவர், வெட்டும் வேலையைத் தம் தோளால் செய்கிறார். கருக்கரிவாளின் நுண்பற்கள் தாளை நழுவவிடாமல் பற்றி அறுப்பதும் இத்தகைய உதவியே.

தெரியுமா?

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாட்சினி, தொழிலாளர் நோய்களைப் பற்றிய தம் நூலை 1700இல் வெளியிட்டார். நோயாளியிடம் "உமது தொழில் யாது?" எனவும் கேட்க வேண்டும் என மருத்துவர்களை அவர் வலியுறுத்தினார்.

யாருடைய கை?

ஊர்க் கொல்லுப் பட்டறையில் கருவி செய்தவரும் அதைப் பயன்படுத்தியவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். காம்பு நீளமாயின் அறுத்துத் தரவும், பிடி உறுத்தினால் இழைத்துத் தரவும் இயன்றது. தொழிற்சாலைக் கருவி முகமறியாத ஒருவருக்காகச் செய்யப்படுகிறது. அம்முகமறியாதவர் பெரும்பாலும் ஆணாகவே எண்ணப்பட்டார். களையெடுப்பிலும் அறுவடையிலும் பெருமளவில் ஈடுபடுபவர் பெண்கள். அவர்தம் கை சராசரியாகச் சிறியது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பணிச்சூழலியல் திட்டத்தின்கீழ், கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் உழவுத் தொழிலாளரின் உடலளவுகளைப் பதிவுசெய்து, அவற்றுக்கேற்பக் கருவிகளை வடிவமைக்க முனைந்தமை இக்குறையைக் களையும் முயற்சியாகும்.

பிடி மட்டுமன்றிக் காம்பின் நீளமும் உடலைத் தாக்கும். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கு முதலிய பகுதிகளில், லெட்யூஸ் கீரை வயல்களில் ஒன்றிரண்டு அடி நீளமே உள்ள களைக்கொத்து நெடுங்காலம் வழங்கியது. தொழிலாளர்கள் அதனை ஸ்பானிய மொழியில் 'எல் கோர்த்தித்தோ', அதாவது 'குட்டையானது' என்றனர். பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த அவர்கள், நாள் முழுவதும் இடுப்பை மடித்தே வேலை செய்தனர்; முதுகெலும்பு சிதைந்து பலர் முடங்கினர். நெடுங்காம்பு பயிரைச் சேதப்படுத்தும் என்பது நிலவுடைமையாளரின் வாதம். மற்றொரு வசதியையும் தொழிலாளர்கள் அறிந்திருந்தனர்: யார் நிமிர்ந்து நிற்கிறார் என்பதை மேற்பார்வையாளர் தொலைவிலிருந்தே கண்டுவிடலாம்.

தொழிலாளர்கள் சட்ட உதவி வழக்கறிஞர்களின் துணையுடன் முறையிட்டபோது, மாநிலத் தொழிற்பாதுகாப்புத் துறை மறுத்துவிட்டது. கருவியின் அமைப்பிலேயே பழுதிருந்தால்தான் அது தீங்கானது என்பது அதன் விளக்கம். 1975 சனவரியில் மாநில உச்சநீதிமன்றம் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. கருவியைப் பயன்படுத்தும் முறையால் விளையும் தீங்கும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என்றது. அவ்வாண்டே குட்டைக் களைக்கொத்து தடைசெய்யப்பட்டது. சிக்கல் அத்துடன் தீரவில்லை. சில வயல்களில் களைக்கொத்தே இன்றி, குனிந்து கையால் களை பறிக்கச் செய்தனர். அதற்குக் கட்டுப்பாடு விதிக்க 2004 வரை காத்திருக்க நேர்ந்தது.

கற்பவை கற்றபின்...

உங்கள் வீட்டிலோ தெருவிலோ நாள்தோறும் கைக்கருவியைப் பயன்படுத்தும் ஒருவரிடம், வேலை முடிந்தபின் எவ்விடத்தில் வலிக்கிறது எனக் கேட்டறிக. அக்கருவியின் பிடியளவையும் அவரது மணிக்கட்டு வளையும் விதத்தையும் குறித்துக்கொண்டு, நீங்கள் செய்ய விரும்பும் ஒரு மாற்றத்தைப் படமாக வரைக. வரைந்த படத்தை முதலில் அவரிடமே காட்டுக.