‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால் போதாது

தஞ்சாவூர்
ஏப்ரல் 26

அன்புள்ள யாழினிக்கு,

உன் குரல்பதிவை மூன்று முறை கேட்டேன். மே மாதம் ஆறு நாள் தென்காசி. தாத்தா வீட்டுத் திருவிழா. டிக்கெட்டும் போட்டாயிற்று. உன் எலிகள் ரவாவையும் சேமியாவையும் என்ன செய்வது என்று அழாத குறையாகக் கேட்டிருக்கிறாய். “எலிதானே, ஆறு நாள் சாப்பாட்டை மொத்தமாகக் கொட்டி வைத்துவிட்டுக் கதவைப் பூட்டு” என்று உன் அம்மா சொன்னாளாம். அவளோடு சண்டைக்குப் போகாதே. அவள் சொன்னதை விடக் கொஞ்சமே மேலாக நான் ஒரு காலத்தில் செய்தேன்; அதன் பலனையும் அனுபவித்தேன்.

அப்போது கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் துறையில் கணக்கில் கழித்துவிட்ட இரண்டு வெள்ளை எலிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்தேன். காரைக்குடியில் ஒரு கல்யாணம், நான்கு நாள். பக்கத்து வீட்டு மாமாவிடம் சாவியைக் கொடுத்து, “சாப்பாடு நிறைய வைத்திருக்கிறேன், தண்ணீரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றேன். பாவம், மனிதர் காலையும் மாலையும் தவறாமல் வந்து பார்த்திருக்கிறார். பாட்டிலில் தண்ணீர் நிறைய இருந்தது. திருப்தியாகத் திரும்பிப் போயிருக்கிறார்.

அந்தப் பாட்டிலின் குழாய் வாயில் ஒரு சின்ன இரும்புக் குண்டு இருக்குமே, எலி நக்கினால் உருண்டு தண்ணீர் விடுமே, அது சிக்கிக்கொண்டிருந்தது. நான்கு நாளும் ஒரு சொட்டு இறங்கவில்லை. தண்ணீர் இல்லாமல் உலர்ந்த தானியம் உள்ளே போகாது என்பதால் சாப்பாடும் அப்படியே கிடந்தது. நான் வந்தபின் ஒன்று தேறியது. மற்றது அன்றிரவே போய்விட்டது. மாமாவின் மேல் ஒரு குற்றமும் இல்லை. பார்க்கச் சொன்னேன், பார்த்தார். எதைப் பார்ப்பது என்று நான் சொல்லவில்லை.

அதனால் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு நீ எழுதப்போகும் தாளில் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: பாட்டில் நிறைந்தே இருந்தால் அது கெட்ட செய்தி. நூறு கிராம் எடைக்கு ஒரு நாளைக்குப் பத்து மில்லி தண்ணீர் என்பது தோராயமான கணக்கு. உன்னுடையவை இரண்டும் பெண். ஒவ்வொன்றும் 300 கிராம் என்று வைத்தாலும் இரண்டுக்குமாக ஒரு நாளில் அறுபது மில்லியாவது குறைய வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வை. தினமும் குண்டை விரலால் தள்ளிப் பார்க்கச் சொல். அதோடு இன்னொரு பாட்டிலையும் மாட்டிவிடு. ஒன்று சிக்கினால் மற்றது இருக்கும்.

அடுத்தது இடம். வேறு மாதமாக இருந்தால், கூண்டு உன் வீட்டிலேயே இருக்கட்டும், யாராவது வந்து போகட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். பழகிய இடமும் பழகிய வாசனையும் எலிக்குப் பெரிய ஆறுதல். ஆனால் நீங்கள் இருப்பது பெரம்பூரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. அக்னி நட்சத்திரத்தில் சன்னலெல்லாம் சாத்திய அந்த வீடு அடுப்பு. மின்விசிறி ஓடுகிறதே என்று நினைக்காதே. நமக்கு விசிறிக்காற்று குளிர்வது வேர்வை காய்வதால். எலிக்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது; சூட்டின் ஒரு பங்கை வாலின் வழியாக வெளியே விடும். அறை 30 டிகிரியைத் தாண்டிக்கொண்டே போனால் அதற்கு உயிர்ப் பிரச்சினை. ஆகவே இந்தத் தடவை கூண்டோடு இன்னொருவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஏசி இருந்தால் நல்லது. இல்லையென்றால் கீழ்த்தளத்தில், வெயில் படாத அறை. சின்ன பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, துணி சுற்றி, கூண்டின் ஒரு மூலையில் மட்டும் வைக்கச் சொல். வேண்டுமென்றால் அவையே போய் ஒட்டிக்கொள்ளும், போதுமென்றால் விலகிக்கொள்ளும். உடம்பை நீட்டிப் படுத்து வேகவேகமாக மூச்சு வாங்கினால் ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. ஈரத்துணியால் வாலையும் பாதங்களையும் ஒற்றிவிட்டு, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

நாய், பூனைகளைத் தங்க வைக்கும் விடுதியில் விடலாமா என்று கேட்டாய். எனக்கு இஷ்டமில்லை. ராத்திரி முழுக்கப் பூனை வாசனையை முகர்ந்துகொண்டு எந்த எலி நிம்மதியாகத் தூங்கும்?

யாரிடம் கொடுப்பது என்பதில் நீ தயங்குவது புரிகிறது. குடியிருப்பில் பாதிப் பேர் அவற்றைப் பெருச்சாளி என்கிறார்கள், கீழ்வீட்டு அங்கிளோ எலிப்பொறி வைக்கிறவர். பொறி வைக்கிறவர் என்பதற்காகவே ஒருவரைத் தள்ளிவிடாதே. விக்டோரியா ராணி காலத்து லண்டனில் ஜாக் பிளாக் என்றொருவர் இருந்தார். எலி பிடிப்பதுதான் தொழில். பிடித்தவற்றில் விசித்திர நிறத்தில் இருந்ததையெல்லாம் கொல்லாமல் வளர்த்து, பெருக்கி விற்றார். எலியைச் செல்லப்பிராணி ஆக்கியவர்களில் முதல் பெயராக இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். ஆகவே அங்கிளிடம் நீ கேட்க வேண்டிய கேள்வி வேறு: வீட்டில் எலி மருந்து வைக்கிறீர்களா? ஆமாம் என்றால் அங்கே வேண்டாம். எலியால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது தின்றதுதான், மருந்துக் கட்டிகள் இத்தனை பலிக்க அதுவும் ஒரு காரணம்.

எலிக்காய்ச்சல் வருமே என்று யாராவது கேட்டால் சிரிக்காதே, முகத்தைச் சுளிக்காதே. நியாயமான கேள்வி. அந்தக் கிருமி பெரும்பாலும் வெளி எலிகளின் சிறுநீர் வழியாகப் பரவுவது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, வெளி எலியின் பக்கமே போகாதவற்றால் ஆபத்து குறைவு, ஆனால் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கடித்தால் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும், கூண்டை வெளி எலி எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ, எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருக்கும் வீட்டில் இந்தப் பொறுப்பைக் கொடுக்காதே. இதையெல்லாம் நீயே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் உன் மேல் நம்பிக்கை வரும்.

உன் பட்டியலில் உள்ள எதிர்வீட்டுக் கல்லூரி அண்ணன்தான், அவன் வீட்டில் சூடில்லாத அறை இருந்தால், எனக்குச் சரியாகப் படுகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு விழித்திருக்கிறவன். எலியும் அப்போதுதான் விழித்திருக்கும். பகலில் மட்டும் பார்க்கிறவருக்குத் தூங்கும் எலியும் சோர்ந்த எலியும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

தாளில் தானிய அளவை விரிவாக எழுத வேண்டாம். ஒரு எலிக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து முதல் இருபது கிராம். ஆறு சின்னப் பொட்டலமாகக் கட்டி ஒவ்வொன்றிலும் கிழமையை எழுதிவிட்டால் முடிந்தது. வழக்கமான சாப்பாட்டையே வை, புது உணவை எலி எளிதில் நம்பாது. ஆனால் ஒன்று மட்டும் எழுது: காலிக் கிண்ணத்தை நம்பாதீர்கள். ரவா எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுபோய்த் துணிக்கடியில் பதுக்குகிறவள் என்று நீதான் சொன்னாய். தின்றதா என்பதைச் சமையலறைத் தராசுதான் சொல்லும். புறப்படும் நாள் காலையில் இரண்டையும் தனித்தனியாக ஒரு டப்பாவில் உட்கார வைத்து எடை பார்த்துக் குறித்துக் கொடு. அண்ணன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்க்கட்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்கக் கூடாது.

தாளின் மீதி இடம் முழுவதும் உன் கண்ணுக்கு மட்டும் தெரிந்த விஷயங்களுக்கு. சேமியா சந்தோஷத்தில் பல்லை நறநறவென்று கடித்து, கண்ணை வெளியே தள்ளித் தள்ளி இழுப்பாளே, முதல்முறை பார்க்கிறவன் வலிப்பு என்று பதறிவிடுவான். அதை எழுது. கண்ணோரமும் மூக்கோரமும் சிவப்பாக வழிந்தால் அது ரத்தமில்லை என்றும் எழுது. எம்.ஆர். ராதா படப் பெயர் மாதிரி ரத்தக் கண்ணீர் என்றுதான் தோன்றும். கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து வரும் நிறமி அது. லேசாக இருந்தால் இடம் மாறிய படபடப்பாக இருக்கலாம். தொடர்ந்து வந்தாலோ, கூடவே தும்மலோ மூச்சில் கரகரப்போ கேட்டாலோ நுரையீரல் தொற்றாக இருக்கலாம். எலிகளுக்கு அது மிகச் சாதாரணமாக வருகிற நோய், விட்டால் முற்றிவிடும். எந்த மருத்துவரிடம் போவது என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள். நாயும் பூனையும் மட்டுமே பார்க்கிற கிளினிக்குகள் நிறைய. போன் செய்து, எலியைப் பார்ப்பீர்களா என்று நேராகக் கேள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரித்து வை. செலவுக்கு ஒரு உறையில் பணம் வைத்துக் கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் கேள். என் தம்பி கொஞ்சம் முனகுவான், கொடுத்துவிடுவான்.

இவற்றையும் தாளில் சேர்: வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, தோல் உரிந்து கையோடு வந்துவிடும். கூண்டிலிருந்து தப்பிவிட்டால் துரத்தக் கூடாது. அறைக்கதவைச் சாத்தி, கூண்டைத் திறந்து தரையில் வைத்து, உள்ளே பிடித்த தீனியைப் போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பொறுமையாக இருந்தால் தானே வரும். ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்று மற்றதை நாள்கணக்கில் பிரித்து வைக்கக் கூடாது. தனிமை அவற்றுக்கு ஆகாது.

போவதற்கு முந்தின சனிக்கிழமை ஒத்திகை பார். அண்ணனை வரவழைத்து, தாளை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, நீ மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார். அவன் எந்த இடத்தில் திரும்பி உன்னைப் பார்க்கிறானோ, அந்த இடத்தில் தாளில் ஒரு வரி குறைகிறது என்று அர்த்தம். எனக்கு இந்த யோசனை அப்போது வந்திருந்தால்.

தென்காசியிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் போன் செய். “நல்லா இருக்கா?” என்று கேட்காதே, “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். “தண்ணி எத்தனை கோடு இறங்கியிருக்கு?” என்று கேள்.

தாளை எழுதி முடித்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. இரண்டின் எடையும் அதில் இல்லையென்றால் பழைய வாத்தியார் புத்தியில் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
அத்தை