புரோஜெஸ்ட்டிரான்: ஊசியா, ஜெல்லா, மாத்திரையா என்று கேட்பதற்கு முன்

ஐ.வி.எஃப். சிகிச்சையில் கரு வைக்கும் தேதி நெருங்கியதும் மருந்துச் சீட்டில் புரோஜெஸ்ட்டிரான் ஏறிவிடும். காத்திருப்பு அறையில் பக்கத்தில் இருப்பவருக்கு ஊசி, இன்னொருவருக்கு ஜெல், தனக்கு வெறும் மாத்திரை என்றால் மனது கிடந்து அடித்துக்கொள்ளும்: வீரியம் குறைந்ததை நமக்குத் தந்துவிட்டார்களோ? இந்தக் கவலையோடு மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. சொல்லாமலே கூடுதலாக ஒன்றைச் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு. எந்த மருந்து பலமானது என்று ஆராய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. கரு வைக்கப்போகும் இந்தச் சுழற்சியில் என் சினைப்பை தானாகப் புரோஜெஸ்ட்டிரானைச் சுரக்குமா? டாக்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள். மருந்தின் வகை, அளவு, எத்தனை வாரம் என்பதெல்லாம் இதன் பதிலைப் பொறுத்தே அமையும்.

முட்டை வெளியேறிய இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் நிறத் திரள் உருவாகி, கருப்பையின் உள்சுவரைக் கருவுக்குத் தயாராக்கும் புரோஜெஸ்ட்டிரானைச் சுரக்கிறது. முட்டை எடுத்த அதே மாதத்தில் கருவை வைத்தால் இந்தத் திரள் உடம்பில் இருக்கும். ஆனால் முட்டைகளைத் தூண்டக் கொடுத்த மருந்துகளால் சீக்கிரமே சோர்ந்துபோகும். அப்போது வெளியிலிருந்து தருவது துணை மருந்து. உறைய வைத்த கருவை, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்துத் தயாராக்கிய கருப்பையில் வைத்தால் கதை வேறு. அந்த மாதம் முட்டையே வெளியேறாததால் திரளும் இல்லை. வெளியிலிருந்து வரும் புரோஜெஸ்ட்டிரானை மட்டுமே கரு நம்பியிருக்கிறது. இயற்கையான சுழற்சியிலேயே உறைகருவை வைப்பது மூன்றாவது வழி. இதில் திரள் முழு பலத்தோடு இருக்கும். 1978இல் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி உருவாக்கிய, இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இந்த மூன்றாவது வழியில் வந்ததுதான்.

முட்டை எடுத்த மாதத்திலேயே கரு வைப்பவர்கள் வகையைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. முட்டை எடுத்த அன்று மாலையிலிருந்து மூன்று நாளுக்குள் மருந்தைத் தொடங்கச் சொல்கிறது 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல். ஊசி, பிறப்புறுப்பில் வைக்கும் கேப்ஸ்யூல், ஜெல் ஆகியவற்றுக்கிடையே பலனில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. வாயால் சாப்பிடும் டைட்ரோஜெஸ்ட்டிரான் மாத்திரையை நம்பலாமா என்பது நியாயமான சந்தேகம். 2017இல் வெளியான லோட்டஸ் ஆய்வில் 1,000க்கும் மேற்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு இந்த மாத்திரையும் மீதிப் பேருக்குப் பிறப்புறுப்புக் கேப்ஸ்யூலும் கொடுத்துப் பார்த்தார்கள். 12ஆம் வாரத்தில் குழந்தையின் இதயத்துடிப்பு தெரிந்தவர்கள் மாத்திரைப் பிரிவில் 37.6 சதவீதம், கேப்ஸ்யூல் பிரிவில் 33.1 சதவீதம். மாத்திரை எந்த வகையிலும் பின்தங்கவில்லை. பிறக்கும் குழந்தைக்குக் குறைபாடு வருமா என்று சிலர் அஞ்சுகிறார்கள். லோட்டஸ் ஆய்வில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் மிக அரிதான பாதிப்பை அந்த அளவு எண்ணிக்கையில் கண்டுபிடிக்க முடியாது. அந்த அச்சம் இருப்பவர் கேப்ஸ்யூலைக் கேட்டு வாங்கலாம், பலனில் எதையும் இழக்கப்போவதில்லை.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோடு உறைகரு வைப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். 2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தினமும் 50 மி.கி. எண்ணெய் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 44 சதவீதம் பேருக்கும், பிறப்புறுப்பு மருந்தோடு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊசியும் சேர்த்தவர்களில் 46 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. பிறப்புறுப்பு மருந்தை மட்டும் வைத்தவர்களுக்கு 27 சதவீதம்தான். கருச்சிதைவு அந்தப் பிரிவில் கூடுதல். அப்படியானால் எல்லோருக்கும் ஊசிதானா என்றால், இல்லை. அங்கே வைத்தது 200 மி.கி. வீதம் இரு வேளை. ஸ்பெயினில் 400 மி.கி. வீதம் இரு வேளை வைத்து, கரு வைக்கும் நாளில் ரத்தத்தில் புரோஜெஸ்ட்டிரான் அளவைப் பார்த்தார்கள். மில்லிலிட்டருக்கு 8.8 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கே வாய்ப்பு குறைந்தது. ஆகவே பிறப்புறுப்பு மருந்து மட்டும் என்றால் ரத்த அளவு பார்ப்பீர்களா, குறைந்தால் ஊசி சேர்ப்பீர்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். டைட்ரோஜெஸ்ட்டிரானை அந்த ரத்தப் பரிசோதனை காட்டாது. அதை மட்டும் சாப்பிடுபவர் குறைந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். மூன்று நாளுக்கு ஒரு ஊசி போதும் என்ற முடிவு, தினமும் குத்திக்கொண்டு இடுப்பு மரத்துப்போகும் பெண்களுக்குப் பெரிய ஆறுதல் என்பேன்.

மாதவிடாய் சீராக வருபவர் இயற்கைச் சுழற்சியில் வைக்க முடியுமா என்றும் கேட்க வேண்டும். கார்பஸ் லூட்டியம் இல்லாத கர்ப்பங்களில் ரத்த அழுத்தக் கோளாறுகள் அதிகம் என்று பல கண்காணிப்பு ஆய்வுகள் சொல்கின்றன. இயற்கைச் சுழற்சிக்கு அடிக்கடி ஸ்கேன் பார்க்க வேண்டும், சென்னைக்கு 150 கி.மீ. அலைய முடியாது என்பது புதுச்சேரிப் பெண்களின் நியாயமான தயக்கம். சென்னை டாக்டர் ஒப்புக்கொண்டால் ஸ்கேனை ஊரிலேயே எடுத்து அறிக்கையை அனுப்பலாம். சாதக பாதகங்களையும் செலவையும் பக்கவிளைவுகளையும் மருத்துவமனை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சைக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கடமை. அதனால் கேட்கத் தயங்காதீர்கள்.

இனி மருந்தைக் கையாளும் முறை. முதல் மருந்தை எடுத்த நாளையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோடு உறைகரு வைக்கும் நாளை அதிலிருந்துதான் எண்ணுகிறார்கள். ஊசி மருந்து கெட்டியான எண்ணெய். குப்பியைச் சற்று நேரம் உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கினால் வலி குறையும். பிட்டத்தின் மேல் வெளிப்புறத்தில், ஒரு நாள் வலம் ஒரு நாள் இடம் என்று மாற்றிப் போடச் சொல்லுங்கள். போட்ட இடம் சிவந்து கட்டியாகிக் காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது. எண்ணெய் எள்ளா, கடலையா என்று அட்டையில் பாருங்கள். கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது முக்கியம். ஜெல் வைப்பவர்களுக்குச் சில நாளில் தயிர்த்திப்பி போல வெள்ளையாக வெளியேறும். அது ஜெல்லின் சக்கைதான். மருந்து உள்ளே போய்விட்டது, கிருமித் தொற்றும் இல்லை. பிரான்சில் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் உட்ரோஜெஸ்டான் கேப்ஸ்யூல் 1980 முதல் அங்கே விற்பனையில் இருப்பது. வாயாலும் சாப்பிடலாம் என்று அட்டையில் இருக்கும். ஐ.வி.எஃப்.க்கு விழுங்கக் கூடாது. பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும், மிஞ்சுவது தூக்கமும் தலைச்சுற்றலும்தான். சித்திரை வெயிலில் மென் கேப்ஸ்யூல் இளகி ஒட்டிக்கொள்ளும். எத்தனை டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று அட்டையில் பார்த்து அப்படியே வையுங்கள்.

மருந்து எடுக்கும்போது மாதவிடாய் தள்ளிப்போவது கர்ப்பத்துக்கு அடையாளம் ஆகாது. மருந்தே அதைத் தள்ளிப்போடும். குறித்த நாளில் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை எடுத்தே ஆக வேண்டும். லேசாக ரத்தம் பட்டாலும் தானாக மருந்தை நிறுத்தாதீர்கள், கூட்டவும் செய்யாதீர்கள்.

எப்போது நிறுத்துவது என்பதற்கும் முதல் கேள்வியே விடை தரும். 1970களின் தொடக்கத்தில் ஆய்வாளர் ஆர்பட் சாப்போ குழுவினர், கார்பஸ் லூட்டியத்தை 7ஆம் வாரத்துக்கு முன் அகற்றினால் கர்ப்பம் கலைவதையும், அதற்குப் பின் நஞ்சுக்கொடி பொறுப்பை ஏற்றுக்கொள்வதையும் காட்டினார்கள். திரள் உள்ளவர்கள் பரிசோதனை பாசிட்டிவ் ஆனதும் நிறுத்தியபோதும் கருச்சிதைவு கூடவில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. பல டாக்டர்கள் இன்னும் சில வாரம் தொடர்வது முன்னெச்சரிக்கை. திரளே இல்லாதவர்கள் 10 முதல் 12 வாரம்வரை ஒரு வேளையும் தவறவிடக் கூடாது. சிக்கல் வருவது இந்த வாரங்களில்தான். ஐ.வி.எஃப். மையத்திலிருந்து விடைபெற்று, புதுச்சேரி ஜிப்மரிலோ எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி மகளிர் குழந்தைகள் மருத்துவமனையிலோ முதல்முறை பதிவு செய்யும்போது எந்த முறையில் கரு வைத்தார்கள் என்பது புது டாக்டருக்குத் தெரியாது. சுழற்சியின் வகை, மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, நிறுத்த வேண்டிய தேதி ஆகிய ஐந்தையும் ஐ.வி.எஃப். மையத்திலேயே எழுதி வாங்கி, கர்ப்பிணி அட்டையின் முதல் பக்கத்தில் இணைத்துக் கொடுத்துவிடுங்கள்.