காணி வாங்கும் கமக்காரர் கவனிக்க வேண்டியவை

நீர்வேலிச் செம்மண்ணில் வாழையும் வெங்காயமும் மிளகாயும் செய்யும் கமக்காரர், விதை வாங்கும்போது பலமுறை கையில் எடுத்துப் பார்ப்பர். காணி வாங்கும்போதோ, ஒரு துண்டுக் கடிதத்தை நம்பி அச்சாரம் கொடுப்பாரும் உளர். இது தக்கதன்று. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை விற்பது மட்டுமன்று, விற்பதாக உடன்படுவதும் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு ஒருவரும் சாட்சிகள் இருவரும் ஒருங்கே இருக்க, அவர்கள் முன்னிலையில் கையொப்பமிடப்படல் வேண்டும். அங்ஙனம் செய்யாத உடன்படிக்கையைக் காட்டிக் காணியைக் கேட்க முடியாது. முத்திரை ஒட்டிய கடிதமாயினும் அஃது உறுதியாகாது.

அடுத்து, விற்பவரின் பங்கு எத்தகையது என்பதை ஆராய்க. சகோதரர் மூவருக்கு 12 பரப்புத் தோட்டக்காணி, அதாவது முக்கால் ஏக்கர், பிரிபடாத முதுசமாக உண்டு என வைத்துக்கொள்வோம். ஒருவர் தம் பங்கான 4 பரப்பைப் பிறருக்கு விற்க எண்ணினால், முதலில் மற்றையோருக்கு அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையில் இவ்வுரித்து உண்டு. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதனை ஒழுங்குபடுத்தியது. கூட்டுப் பங்காளரும், விற்பவர் மரணசாதனமின்றி இறப்பின் அவருக்கு உரிமைக்காரராக வரத்தக்கோரும் பிறரினும் முந்தி வாங்க உரித்துடையர். அறிவித்தலின்றி நிறைவேறிய விற்பனையை அவர்கள் நீதிமன்றில் எதிர்த்து, காணியைத் தாமே வாங்கிக்கொள்ள வழக்கிடலாம். வாழைக்குட்டி நட்டு எரு இட்டபின் இவ்வழக்கு வந்தால் வாங்கியவர் பாடு பெரும்பாடாம்! ஆகவே அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்பதை விற்பவரின் வாய்மொழியால் அன்றி எழுத்தால் அறிந்துகொள்க.

நம் பகுதியில் இதனினும் மிகுதியாகச் சச்சரவு விளைவிப்பது கிணறே. வற்றாத ஆறில்லாக் குடாநாட்டில் தோட்டத்தின் உயிர் கிணற்று நீராகும். மேற்கூறிய 12 பரப்புக்கும் ஒரே கிணறு இருப்பின், 4 பரப்பை வாங்குபவர் நிலத்தை மட்டும் எழுதுவித்தல் போதாது. கிணற்றில் எத்தனை பங்கு, இறைப்பு முறை எவ்வாறு, நீர் செல்லும் வாய்க்கால் எவ்வழி, வண்டியும் உழவு இயந்திரமும் செல்லும் பாதை எது என்பனவற்றை உறுதியின் அட்டவணையிலே தெளிவாக எழுதுவித்தல் வேண்டும். "வழமைபோல" என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடுவது நன்றன்று. வழமை யாதென்பதிலேதான் பின்னர் பிணக்கு எழும். எல்லைகளை நில அளவையாளரின் படத்தோடு ஒப்பிட்டு, காணியில் நேரே நடந்து பார்க்க.

உறுதி முடிந்தவுடன் அதனைக் காணிப் பதிவகத்தில் பதிவுசெய்தல் அவசியம். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, உங்கள் உறுதி பதியப்படாதிருக்க, அதே காணியைப் பின்னர் விலைகொடுத்து வாங்கியவர் தம் உறுதியை முறையாகப் பதிந்துவிட்டால், வஞ்சனை இல்லாதவிடத்து அவர் உறுதியே முந்தும். பணம் கொடுக்குமுன் பதிவேட்டைத் தேடுவித்து, ஈடு, ஒற்றி, பிரிவினை வழக்கு ஏதேனும் உண்டோ என்று பார்க்க.

1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வில் உறுதிகளை இழந்த குடும்பங்கள் பல. நொத்தாரிசு தாம் முடித்த உறுதியின் இரட்டைப்பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்புவது சட்டம். எனவே உறுதியின் இலக்கம், தேதி, நொத்தாரிசின் பெயர் என்பனவற்றுள் தெரிந்தவற்றைக் குறித்துக்கொண்டு யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்தால், ஆவணம் அங்கிருப்பின் சான்றுப்படுத்திய பிரதியைப் பெறலாம்.