மாயாவியை வரைந்தது யார்?

இந்த இதழுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, படக்கதை வரைகிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் சங்கம் எதற்கு என்பது. சங்கம்னா தோல் ஷாப்புல, பீடிக் கம்பெனியில வேலை செய்யறவங்களுக்குத்தானே, படம் வரையறவங்களுக்கு எதுக்குன்னு நீங்க கேக்கலாம்.

இரும்புக்கை மாயாவி நமக்கெல்லாம் தெரியும். 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் புத்தகமே அதுதான். கரண்ட் ஷாக் அடிச்சா ஆள் மறைஞ்சுடுவார், இரும்புக்கை மட்டும் தெரியும். ஆனால் அவர் சிவகாசியில் பிறந்தவர் இல்லை. 1962-ல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தவர். முதலில் கதை எழுதியவர் கென் பல்மர். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டுக்காரர், ஹெசூஸ் பிளாஸ்கோ. இந்தப் பெயர்களை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அந்தக் காலத்தில் இங்கிலாந்து காமிக்ஸ் பத்திரிகைகள் பெரும்பாலும் எழுதியவர், வரைந்தவர் பெயரை அச்சிட்டதில்லை. மாயாவிக்குக் கையாவது தெரிஞ்சது, வரைஞ்சவருக்கு அதுவும் இல்ல!

பெயர் போனால் என்ன, காசு வந்தால் சரி என்று சிலர் சொல்வார்கள். காசும் அப்படித்தான். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, அதோடு சரி. அதே கதையை மறுபடி அச்சிட்டாலும், வேறு நாட்டுக்கு விற்றாலும் வரைந்தவருக்கு ஒன்றும் வராது. ஆம்பூர்ல எங்க சித்தி ஷூவோட மேல்பாகம் தைக்கிறாங்க. அந்த ஷூ வெளிநாட்டுக் கடையில என்ன விலைக்குப் போகுதுன்னு அவங்களுக்குத் தெரியாது. கிட்டத்தட்ட அதே கதைதான்.

வரைகிறவர்கள் வீட்டில் தனியாக உட்கார்ந்து வேலை செய்பவர்கள். பக்கத்து மேசைக்காரருக்கு எவ்வளவு கூலி என்று கேட்கவே வழியில்லை. இதனால்தான் 1977-ல் இங்கிலாந்தில் படக்கதைக்காரர்கள் 'சொசைட்டி ஆஃப் ஸ்ட்ரிப் இல்லஸ்ட்ரேஷன்' என்று ஒரு சங்கம் வைத்தார்கள். கூடிப் பேசினார்கள், செய்தி மடல் போட்டார்கள், ஒப்பந்தத்தில் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடணும்னு புதுசா வர்றவங்களுக்குச் சொன்னார்கள். 1990-களில் அதன் பெயர் 'காமிக்ஸ் கிரியேட்டர்ஸ் கில்ட்' என்று மாறியது. '2000 ஏ.டி.' என்ற காமிக்ஸ் பத்திரிகை வரைந்தவர் பெயரைப் போட ஆரம்பித்ததும் அதே 1977-ல்தான்.

சூப்பர்மேன் கதை இன்னும் மோசம். ஜெர்ரி சீகல் எழுத, ஜோ ஷஸ்டர் வரைய, 13 பக்கத்துக்கு மொத்தம் 130 டாலர் வாங்கிக்கொண்டு 1938-ல் உரிமையையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி கோடி கோடியாகச் சம்பாதித்தது. வழக்குப் போட்டும் உரிமை திரும்பவில்லை. வயதான காலத்தில் ஒருவர் குமாஸ்தா வேலையில், இன்னொருவர் கண் பார்வை மங்கிய நிலையில். அமெரிக்கக் கார்ட்டூனிஸ்டுகளுக்கு 1946 முதல் சங்கம் உண்டு. அதன் தலைவராக முன்பு இருந்த ஜெர்ரி ராபின்சனும், நீல் ஆடம்ஸ் என்ற ஓவியரும் இவர்களுக்காகப் பத்திரிகை, டி.வி. என்று போய்ப் பேசினார்கள். 1975 டிசம்பரில் கம்பெனி இறங்கி வந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர். எனக்குப் பிடித்தது என்னன்னா, பெயர் போடாமல் பேச்சு முடியாதுன்னு நின்னாங்க பாருங்க, அது. இன்றுவரை சூப்பர்மேன் படத்தில் அந்த இரண்டு பெயரும் வருகிறது.

நம்ம பக்கத்திலும் முயற்சி உண்டு. கேரளாவில் கார்ட்டூன் அகாடமி 1982-ல் வந்தது. பெங்களூரில் இந்தியக் கார்ட்டூனிஸ்டுகள் நிறுவனம் 2001-ல் வந்தது, 2007-ல் அது ஒரு கார்ட்டூன் காட்சிக்கூடம் திறந்தது. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான்.

சரி, சங்கம் இல்லாத இடத்தில்? எங்க பெரியப்பா மகன் அண்ணன், தான் வரைந்து வைத்திருந்த புங்கனூர் ஏரிப் படத்தைக் கீழே ஒரு அச்சகத்துக்கு 300 ரூபாய்க்குக் கொடுத்தார். ஒரு வருஷக் காலண்டருக்கு என்று வாய்ப்பேச்சு. மூன்று வருஷமாக அதே படம் வருது, ஓரத்தில் இருந்த கையெழுத்தை மட்டும் காணோம். நான் சார்கிட்ட கேட்டு 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்தேன். 19-ஆம் பிரிவுப்படி உரிமையை எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கொடுத்ததாக அர்த்தம். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் 5 வருஷம். 57-ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் 'இது என் படைப்பு' என்று சொல்ல விடுகிறது. (மாதச் சம்பளத்துக்கு வரைந்தால், கூலி பேசி வரையச் சொன்ன ஓவியம் என்றால் விதி வேறு. அதையும் கவனிக்கணும்.)

அண்ணன் இப்போ படம் கொடுக்கும் முன் ஒரு தாள் எழுதுகிறார். எந்தப் படம், எதுக்கு, எத்தனை வருஷம், எவ்வளவு பணம், பெயர் எங்கே வரும். கீழே ரெண்டு பேர் கையெழுத்து. அதன் நகல் என்னிடம் இருக்கு. நம்ம ஸ்கூல்ல வரையறவங்க யார் வேணும்னாலும் வாங்கிப் பார்த்து எழுதிக்கலாம்.