மாநிலக் குடிமகன் என்றால் வரி கட்ட வேண்டாமா?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளையோ மருமகளோ உங்க வீட்டில் இருந்தால், இப்படி ஒரு வீடியோ என்றைக்காவது உங்கள் போனுக்கும் வந்து சேரலாம். "அமெரிக்கக் குடிமகன் வேறு, டெக்சாஸ் குடிமகன் வேறு. நான் மாநிலக் குடிமகன் மட்டும்தான் என்று ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டால் மத்திய வருமான வரி இல்லை, டிரைவிங் லைசென்ஸும் தேவையில்லை." கேட்கும்போது சரியாத்தான் படும். காரணம், இதில் ஒரு பகுதி உண்மை.

அமெரிக்காவில் இரண்டு குடியுரிமை உண்டு. 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அடிமைகளின் வழிவந்த கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் ஆகவே முடியாது என்றது. ஒரு மாநிலம் தன் அளவில் ஒருவரைக் குடிமகனாக ஏற்றுக்கொண்டாலும், நாட்டின் குடியுரிமை அவருக்குக் கிடைத்துவிடாது என்றும் சொன்னது. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, 1868-இல் வந்த 14-வது திருத்தம் அந்தத் தீர்ப்பை உடைத்தது. அமெரிக்காவில் பிறந்து அல்லது குடியுரிமை பெற்று, அதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள் எல்லோரும் நாட்டின் குடிமக்களும் ஆவர், தாங்கள் வசிக்கும் மாநிலத்தின் குடிமக்களும் ஆவர் என்கிறது அது. அந்த இரண்டு 'உம்'மையும் கவனிங்க. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் வாய்ப்பு அதில் இல்லை. டெக்சாஸிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தால் மாநிலக் குடியுரிமையும் கூடவே மாறிவிடும், அவ்வளவுதான்.

வீடியோக்காரர்கள் காட்டும் இன்னொரு தீர்ப்பு 1873-இல் வந்தது. ஆடுமாடு அறுக்கும் தொழிலை ஒரே நிறுவனத்தின் கூடத்தில்தான் செய்ய வேண்டும் என்ற லூசியானா சட்டத்தை எதிர்த்து நியூ ஆர்லியன்ஸ் கசாப்புக்காரர்கள் போட்ட வழக்கு. இரண்டு குடியுரிமையும் தனித்தனி, எந்த உரிமை எதிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அந்தத் 'தனித்தனி'யை மட்டும் பிடித்துக்கொண்டு, 'ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்' என்று இவர்கள் படிக்கிறார்கள். வருமான வரி பற்றிய வழக்கே அல்ல அது.

இந்த வாதம் பரவிய கதை இன்னும் மோசம். 1970-களில் வெள்ளை இனவாதக் குழுக்கள் கிளப்பிய கருத்து இது. வெள்ளையர்தான் மாநிலங்களின் அசல் குடிமக்களாம்; 14-வது திருத்தத்தால் வந்தவர்களுக்குக் கிடைத்தது மட்டமான இரண்டாந்தரக் குடியுரிமையாம். இந்தக் கணக்குப்படி, அங்கே பிறந்த உங்கள் பேரக் குழந்தை எந்தத் தரத்தில் வரும் என்று யோசித்துப் பாருங்க. இதையெல்லாம் தெரியாமல்தான் பலர் ஃபார்வர்டு செய்கிறார்கள்.

நீதிமன்றத்தில் இது எடுபட்டதா? இல்லை. "நான் இண்டியானா மாநிலக் குடிமகன், அமெரிக்க அரசின் சட்டம் என்னைக் கட்டுப்படுத்தாது" என்று வாதிட்டவரின் வரி ஏய்ப்புத் தண்டனையை 1991-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. இத்தகைய அர்த்தமற்ற வாதங்களோடு வரிக் கணக்கு கொடுப்பவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கவும் சட்டம் இருக்கிறது.

எல்லாவற்றையும் விட எளிய பதில் உங்க வீட்டிலேயே இருக்கு. எச்-1பி விசாவில் போன பிள்ளை இந்தியக் குடிமகன், அமெரிக்கக் குடிமகன் இல்லை. ஆனாலும் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள்தானே? அங்கே வசிப்பவருக்கும் வரி உண்டு. அப்போ, "நான் அமெரிக்கக் குடிமகனே இல்லை" என்பதை ஒத்துக்கொண்டாலும் வரி போகாது.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும். குடியுரிமைக்கான என்-400 படிவத்தில், வரிக் கணக்கில் உங்களை 'அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர்' என்று எப்போதாவது குறிப்பிட்டீர்களா என்றே ஒரு கேள்வி உண்டு. வீடியோவை நம்பி எழுதிக் கொடுத்த ஒரு காகிதம், பல வருடம் கழித்து அந்த இடத்தில் வந்து நிற்கும்.

"சரி, நம்ம ஊரில் தமிழ்நாட்டுக் குடியுரிமை என்று ஒன்று உண்டா?" என்று கேட்கலாம். கிடையாது. அரசியலமைப்பின் 5 முதல் 11 வரையிலான பிரிவுகளும், 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் சொல்வது இந்தியக் குடியுரிமை ஒன்றை மட்டுமே. 1984-இல் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை தொடர்பான பிரதீப் ஜெயின் வழக்கில், மாநிலத்துக்கென்று தனி 'டொமிசைல்' இல்லை, இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. இ-சேவை மையத்தில் நீங்கள் விண்ணப்பிக்கும் பிறப்பிடச் சான்றிதழ், நீங்கள் இந்த மாநிலத்தைச் சேர்ந்தவர் என்று கல்லூரிச் சேர்க்கை போன்ற தேவைகளுக்குக் காட்டும் சான்று. குடியுரிமைப் பத்திரம் அல்ல. ஆதாரும் அப்படித்தான். அது குடியுரிமைக்குச் சான்றாகாது என்று 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் 9-வது பிரிவிலேயே சொல்லிவிட்டது.