ஃபுல் ஃப்ரேமுக்குப் போக முன்

அப்புத்தளையில் கல்யாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா என்று கமராவை நம்பிப் பிழைப்பவரா நீங்கள்? பழைய டி.எஸ்.எல்.ஆரை விற்றுவிட்டு ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்குப் போகும் யோசனை இருந்தால், எந்த வேலைக்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வாடிக்கையாளர் சென்சரைப் பார்த்து ஒரு சதமும் கூட்டித் தரப் போவதில்லை.

நம் மலைக்கு உண்மையான ஆதாயம் மின்னணு வ்யூஃபைண்டர்தான். லிப்டன் சீட்டில் ப்ரீ ஷூட் எடுத்தவர்களுக்குத் தெரியும்: பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறத் தொடங்கினால் ஒரு போஸ் முடிவதற்குள் வெளிச்சம் மாறிவிடும். சுற்றிலும் வெள்ளையைக் கண்ட ஒளிமானி ஏமாந்து படத்தை இருட்டாக்கும்; மணப்பெண்ணின் முகம் சாம்பல் பூத்துக் கிடக்கும். டி.எஸ்.எல்.ஆரின் கண்ணாடி வழியே பார்க்கும்போது இது தெரியாது, எடுத்த பிறகுதான் தெரியும். மின்னணு வ்யூஃபைண்டரிலோ படம் எப்படி வரும் என்பது அமுக்க முன்பே கண்ணில் படும். ஒரு ஸ்டொப் கூட்டிவிட்டு எடுக்கலாம்.

இதற்கு ஃபுல் ஃப்ரேம் கட்டாயமில்லை. 2022இல் வந்த கெனன் ஆர்10 போன்ற சிறிய சென்சர் கமராக்களிலும் இந்த வசதி உண்டு. பகல் வேலைதான் அதிகம், படங்கள் வட்ஸ்அப்பில்தான் போகின்றன என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். 36×24 மி.மீ. சென்சர் இருட்டில்தான் உழைக்கும்: கர்ப்பக்கிருக வாசல், இரவுத் தேர், ஒற்றைப் பல்பு எரியும் லயத்து வீட்டுச் சடங்கு. கெனனின் சிறிய சென்சரைவிட இதன் பரப்பு இரண்டரை மடங்குக்கும் மேல் என்பதால், ஐ.எஸ்.ஓ. 6400இலும் முகத்தில் புள்ளி குறைவு. ஃப்ளாஷ் போடுகிறவர்கள் வ்யூஃபைண்டரின் வெளிச்சக் கணிப்பை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்டபத்துக்குள் பார்க்கவே முடியாத இருட்டாக இருக்கும்.

கைக்காசு கரைவது லென்ஸில்தான். கெனன் இ.எஃப். லென்ஸ்கள் அடாப்டரோடு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இ.எஃப்.-எஸ். லென்ஸைப் பொருத்தினால் 26 மெகாபிக்சல் ஆர்.பி. ஏறக்குறைய 10க்குச் சுருங்கிவிடும். பிறகு ஃபுல் ஃப்ரேம் எதற்கு? நிக்கோன்காரர்கள் இன்னும் கவனம்: பலரிடமும் இருக்கும் 50 மி.மீ. 1.8டி லென்ஸுக்கு எஃப்.டி.இசட். அடாப்டரில் ஓட்டோ ஃபோகஸ் இல்லை.

கல்யாண வேலைக்கு இரண்டு கார்ட் போடும் கமராவையே பாருங்கள். தாலி கட்டும் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. சொனி ஏ7 III (2018), கெனன் ஆர்6 (2020), நிக்கோன் இசட்6 II (2020) மூன்றிலும் அந்த வசதி உண்டு. ஆர்.பி.யில் இல்லை.

பற்றரியையும் செலவில் சேருங்கள். கெனன் 80டிக்கு ஒரு சார்ஜில் 960 படம் என்பது கம்பனிக் கணக்கு, ஆர்.பி.க்கு 250. நடைமுறையில் இரண்டிலும் கூடவே வரும், ஆனாலும் முகூர்த்த நாளில் மூன்று பற்றரி இல்லாமல் தோட்டத்துக்கு ஏறாதீர்கள்.

வாங்க முன் ஒரு நிகழ்ச்சிக்கு வாடகைக்கு எடுத்து உழைத்துப் பாருங்கள். பாவித்த லென்ஸ் என்றால் போன் டோர்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து உள்ளே பாருங்கள். நம் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிப்பது சாதாரணம். சிலந்தி நூல் போல ஓர் இழை தெரிந்தாலும், விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.