ரயிலடியில் நல்ல பீர் கிடைக்காதா?

"அண்ணே, யூஸ்டன்ல நிக்கிறோம். மான்செஸ்டர் வண்டிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு. நல்ல கிராஃப்ட் பீர் கிடைக்கிற இடமா ஒண்ணு சொல்லுங்க. ஸ்டேஷன் பக்கத்துல மட்டும் வேண்டாம்."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. பேசியது சித்தப்பா மகன். இந்தக் கேள்வியை இதே வாலோடு இந்த வருடம் கேட்ட நான்காவது ஆள். "ஸ்டேஷன் பக்கத்துக் கடைன்னா ஓடுற கூட்டம்ணே. எதை ஊத்தினாலும் குடிச்சிட்டுப் போயிடுவான். பழசைத்தான் தள்ளிவிடுவாங்க" என்று எனக்கே பாடம் வேறு. பதினோரு வருடமாக லண்டன் பப்களின் நிலவறைகளில் பீர் குழாய் கழுவிப் பிழைக்கிறவனுக்கு!

யூஸ்டன் ரோட்டுப் பக்கம் நடக்கச் சொன்னேன். கேட்கவில்லை. போனில் படம் பார்த்து மயங்கி, டாக்ஸி பிடித்து நாற்பது நிமிடம் போய், ஏதோ ஒரு பப்பில் புளித்த பீரைக் குடித்துவிட்டு ரயிலையும் விட்டார்கள்.

இந்தச் சந்தேகம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். எல்லாம் நம் ஊர் நெடுஞ்சாலை மோட்டல் செய்த வேலை. நடுராத்திரியில் பஸ் நிற்கும். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் உள்ளே தனி உபசாரம். நமக்கு ஆறிய பரோட்டா, வாயில் வைக்க முடியாத சால்னா, கேட்ட விலை. இருட்டில் வேறு கடைக்குப் போக வழியில்லாததால் அவன் வைத்ததுதான் சட்டம். ஆனால் பஸ் ஸ்டாண்டு வாசல் பரோட்டாக் கடையை நினைத்துப் பாருங்கள். கல் ஆறவே ஆறாது. எதிரே இன்னும் நான்கு கடை. ருசி கெட்டால் மறுநாளே ஈ ஓட்ட வேண்டியதுதான். யூஸ்டன் வாசல் இந்த இரண்டாவது ரகம். தினமும் அதே வழியாக வீடு திரும்புகிற அலுவலகக்காரன்தான் அங்கே வாடிக்கை. வழிப்போக்கனை ஏமாற்றலாம். வாரம் மூன்று நாள் வருகிறவனை எத்தனை நாள் ஏமாற்றுவீர்கள்?

பரோட்டாவைவிட பீருக்கு இந்த விற்பனை ஓட்டம் முக்கியம். அதுவும் காஸ்க் ஏல் என்கிற இங்கிலாந்துச் சரக்குக்கு ரொம்பவே முக்கியம். அது உயிருள்ள பண்டம். ஈஸ்ட்டை வடிகட்டி எடுக்காமல், சூடு காட்டிக் கிருமி கொல்லாமல் அப்படியே பீப்பாயில் அடைத்து அனுப்புகிறார்கள். பீப்பாய்க்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கிறது. நிலவறையில் படுக்க வைத்து, மேல் அடைப்பில் சின்ன மர ஆப்பு அடித்து மிகுந்த வாயுவைப் போகவிட்டு, மண்டி அடியில் தங்க ஒரு நாளாவது விட்டு, அப்புறம்தான் குழாயை மாட்ட வேண்டும். மாட்டியதிலிருந்து கணக்கு ஆரம்பம். மேலே ஒருவர் ஒரு பைண்ட் இழுத்தால் கீழே அதே அளவு காற்று பீப்பாய்க்குள் இறங்கும். காற்றுப் பட்டால் என்ன ஆகும்? காலையில் இறக்கிய கள்ளுக்கும் மறுநாள் கள்ளுக்கும் வித்தியாசம் தெரிந்த பரம்பரைக்கு நான் வேறு சொல்ல வேண்டுமா?

திறந்த பீப்பாய் மூன்று நாளில் தீர வேண்டும் என்பது நிலவறைக்காரர்களின் கணக்கு. வழக்கமான பீப்பாய் ஒன்பது காலன். அதாவது 72 பைண்ட். அமைதியான தெருவில், பூந்தொட்டி தொங்கும் அழகான பப் ஒன்று. ஆறு கைபம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு மொத்தம் 60 பைண்ட் ஏல் போகிறது என்று வையுங்கள். பம்புக்குப் பத்து. ஒரு பீப்பாய் தீர ஏழு நாள்! நாலாம் நாள் வாசனை போகும், ஆறாம் நாள் வினிகர் வரும். உங்களுக்குக் கிடைப்பது எந்த நாள் பீர் என்பது உங்கள் ஜாதகத்தைப் பொறுத்தது. கூட்டம் அலைமோதும் ரயிலடியிலோ அதே பீப்பாய் ஒரே மாலையில் காலியாகலாம். பழசைத் தள்ளிவிட அங்கே பழசு இருந்தால்தானே?

குழாய்க்கும் இதே கதைதான். வாரம் ஒரு முறை குழாய்களைக் காரக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். நான் பயன்படுத்தும் கரைசல் ஊதா நிறம். குழாய் சுத்தமாக இருந்தால் ஊதாவாகவே வெளியே வரும், அழுக்கிருந்தால் பச்சையாகிவிடும். ரயிலடிப் பார் ஒன்றில் கழுவினால் பெரும்பாலும் இரண்டாவது வாளியிலேயே ஊதா வந்துவிடுகிறது. நாள் முழுக்க புது பீர் ஓடுகிற குழாயில் எதுவும் படிந்து குடியிருக்க நேரமில்லை. பூந்தொட்டி பப் ஒன்றில், பெயர் வேண்டாம், நான் ஏழு வாளி பச்சைத் தண்ணீர் பிடித்திருக்கிறேன். அந்தக் குழாயில் வந்ததைத்தான் முந்தின நாள் வரை நாலு பேர் "பாரம்பரிய ருசி" என்று ரசித்துக் குடித்திருக்கிறார்கள்.

சாட்சிக்கு வருகிறேன். யூஸ்டன் ஸ்டேஷனின் பழைய கல் வளைவை 1960களின் தொடக்கத்தில் இடித்துத் தள்ளினார்கள். மிஞ்சியது சாலையோரம் எதிரெதிரே நிற்கும் இரண்டு சின்னக் கல்வீடுகள். 1870 வாக்கில் கட்டியவை. மூலைக் கற்களில் ஊர்ப் பெயர்கள் செதுக்கியிருக்கும். அவற்றில் ஸ்வான்சியும் ஒன்று. இன்று அந்த ஊருக்கு ரயில் பிடிக்கப் பாடிங்டன் போக வேண்டும். மேற்கு வீட்டில் 2010இல் யூஸ்டன் டாப் திறந்தார்கள். உள்ளே பத்துப் பேர் நின்றால் முட்டிக்கொள்ளும். பீர் குழாய்கள் மேசைமேல் இல்லை, பின்சுவரிலிருந்தே நீட்டிக்கொண்டிருக்கும். என்ன பீர், எத்தனை சதவீதம் என்பதெல்லாம் பலகையில். கழிப்பறைக்கு வளைந்த படியேற வேண்டும்; மூன்றாவது பைண்ட்டுக்குப் பிறகு அந்தப் படியைப் பார்த்து ஏறுங்கள்.

அதே ஆட்களின் கை இருந்த ஷெஃபீல்ட் டாப், ஷெஃபீல்ட் ஸ்டேஷனின் முதல் பிளாட்பாரத்திலேயே இருக்கிறது. 1904ஆம் வருடத்துச் சிற்றுண்டி அறை. பல காலம் பாழாய்க் கிடந்ததை 2009இல் மீட்டெடுத்து, பிறகு உள்ளேயே பீரும் காய்ச்சத் தொடங்கினார்கள். யார்க் ஸ்டேஷனில் 1907ஆம் வருடத்துத் தேநீர் அறை யார்க் டாப் ஆனது. ஸ்டேலிபிரிட்ஜ் ஸ்டேஷனின் பஃபே பாருக்கு வயது 1885இலிருந்து. கிங்ஸ் கிராஸில் பழைய பார்சல் ஆபீஸே பார்சல் யார்ட் என்ற பப். இங்கிலாந்தில் நல்ல பீர் தேடுகிறவர்கள் ரயிலடியை விட்டு ஓடவில்லை, ரயிலடியைத் தேடித்தான் வருகிறார்கள்.

ஒரு சோகமும் உண்டு. யூஸ்டனுக்குப் பின்தெருவில் ப்ரீ லூயிஸ் என்று காஸ்க் ஏலுக்குப் பேர்போன பப் இருந்தது. 2018 தொடக்கத்தில் மூடினார்கள். அதிவேக ரயில் திட்டத்துக்காகக் கட்டடமே போயிற்று. ரயில் வளர்த்த கடையை ரயிலே தின்றுவிட்டது.

ரயிலடியில் மோசமான பீரே கிடையாது என்றா சொல்கிறேன்? கிடைக்கிறது, தாராளமாக. நான்கே நான்கு பெரிய கம்பெனி லாகர், பளபளக்கும் குழாய், விலைப்பட்டியலில் காய்ச்சியவன் பெயரே இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்குள் போகாதீர்கள். பலகையில் பீர் காய்ச்சிய ஊரும் பெயரும் சதவீதமும் எழுதியிருக்கிறதா, கைபம்பில் மாட்டிய பெயர்ச் சீட்டு ஒன்றிரண்டு திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். சீட்டைத் திருப்பி வைத்தால் அந்தப் பீப்பாய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். "ஐயோ, தீர்ந்துபோச்சே" என்று வருந்தாதீர்கள். தீருகிற கடைதான் நல்ல கடை.

பீரைப் பற்றி உலவும் மற்ற கதைகளுக்கு இவ்வளவு மூச்சு விட மாட்டேன்.

"இங்கிலீஷ்காரன் பீரைச் சூடாக் கொடுக்கிறான்." நிலவறை 11 முதல் 13 டிகிரி. கொடைக்கானலில் அந்தக் குளிருக்குப் போர்வை தேடுவீர்கள். நாக்கு மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ந்ததைக் குடித்துப் பழகியவர்களுக்கு இது சூடு. நிலவறைக் குளிரில்தான் ஏலின் வாசனையே எழும்.

"கசந்தால் போதை அதிகம்." கசப்பு ஹாப்ஸ் பூவிலிருந்து, போதை ஆல்கஹாலிலிருந்து. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. "கறுப்பு பீர் கனம், சத்து, ரத்தம் ஊறும்" என்பதும் இதே ரகம். கறுப்பு, வறுத்த தானியத்தின் நிறம். டிராஃப்ட் கின்னஸ் நாலு சதவீதத்துக்குச் சற்று மேல்தான். இலங்கையின் லயன் ஸ்டௌட் 8.8. இரண்டும் ஒரே கறுப்பு!

"பீர் குடிச்சா கிட்னிக் கல் கரையும்." கரையாது. மூத்திரம் கூடும், அவ்வளவுதான். கல் இருந்தால் டாக்டரிடம் போங்கள், பாருக்கு வராதீர்கள்.

"இந்தியாவுக்கு வரும் கப்பலில் கெடாமல் இருக்கத்தான் இந்தியா பேல் ஏல் என்கிற ஐபிஏவைக் கண்டுபிடித்தார்கள்." இதைச் சொல்லும்போது நம்மவர் முகத்தில் ஒரு பெருமை தெரியும், கலைக்க மனம் வராது. ஆனால் அதே கப்பல்களில் போர்ட்டர் என்கிற கறுப்பு பீரும் வந்து கெடாமல்தான் இறங்கியது; சாதாரண சிப்பாய் குடித்தது பெரும்பாலும் அதைத்தான். வெளிறிய ஏல் முன்பே இருந்த சரக்கு. இந்தியாவில் இருந்த அதிகாரிகளுக்குப் பிடித்துப்போனதால் பேர் வாங்கியது. சென்னைக்கு அப்போது துறைமுகமே கிடையாது. அந்தப் பீப்பாய்களை அலைமேல் மசூலாப் படகில் கரை சேர்த்த நம் படகோட்டிகளைப் பற்றிப் பெருமைப்படுங்கள், அதில் நியாயம் இருக்கிறது.

"கிராஃப்ட் என்றால் சின்னக் கம்பெனி." அந்தச் சொல்லுக்கு இங்கே சட்ட வரையறை எதுவும் இல்லை. கேம்டன் டவுன் 2015இல் உலகின் மிகப் பெரிய பீர் கம்பெனியின் கைக்குப் போனது. பீவர்டவுன் இன்று ஹைனகெனுடையது. பீர் நன்றாக இருந்தால் குடியுங்கள். ஆனால் ஏழைக் கைவினைஞனை வாழவைப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

"காஸ்க் ஏல் சுத்த சைவம்." எல்லாம் இல்லை. மண்டியைப் படியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பலர் இன்னும் சேர்க்கிறார்கள். சைவக்காரர்கள் கேட்டு வாங்குங்கள்.

"மிச்சத்தை வண்டியில் குடிச்சுக்கலாம்." எந்த வண்டி? மான்செஸ்டர் போகிற நீண்ட தூர ரயிலில் பெரும்பாலும் தடையில்லை. அதே யூஸ்டனில் பாதாள ரயிலிலோ ஓவர்கிரவுண்டிலோ திறந்த கேனோடு ஏற 2008 ஜூனிலிருந்து தடை.

இதையெல்லாம்விட எனக்கு ஆற்றாமை வேறொன்றில். நம் ஆட்கள் அரை பைண்ட் கேட்க வெட்கப்படுகிறார்கள். "என்னண்ணே, பொம்பளைங்க கிளாஸ் வாங்குறீங்க?" என்று ஒருவன் என்னைப் பார்த்தே கேட்டான். தம்பி, பலகையில் இருபது பீர் இருக்கிறது, உனக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. முழு பைண்ட் 568 மில்லி. இரண்டு குடித்தால் வயிறு நிறைந்துவிடும், மீதிப் பதினெட்டைப் பலகையில் படித்துவிட்டுப் போக வேண்டியதுதான். மூன்றில் ஒரு பங்கு அளவிலும் விற்கச் சட்டம் இடம் தருகிறது, 189 மில்லி. மூன்று சின்ன கிளாஸ் சேர்ந்தால் ஒரே பைண்ட். லேசான வெளிறிய ஏலில் ஆரம்பித்து, ஒரு ஐபிஏ, கடைசியில் பத்து சதவீதக் கறுப்பு ஸ்டௌட். மூன்று ஊர், மூன்று கைப்பக்குவம், நிதானமும் தவறாது. கல்யாணப் பந்தியில் முதல் பாயசத்திலேயே வயிற்றை நிரப்பிக்கொள்கிறவனை என்ன சொல்லித் திட்டுவோம்? பாரில் மட்டும் அவன் ஆம்பிளையா? வாங்குவதற்கு முன் ஒரு மடக்கு ருசி பார்க்கவும் கேளுங்கள். நல்ல கடையில் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள். புளிப்போ, எதிர்பாராத வெண்ணெய் வாசனையோ அடித்தால் சொல்லிவிடுங்கள், மாற்றித் தருவார்கள்.

சித்தப்பா மகன் அடுத்த மாதம் மறுபடி வருகிறானாம். யூஸ்டனில் இறங்கி, பிளாட்பார எண்ணுக்காகப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்தையும் கடந்து, சாலையோரம் மேற்கே நிற்கும் கல்வீட்டுக்குள் நுழையட்டும். டாக்ஸி பிடித்தால் எனக்குப் போன் பண்ண வேண்டாம்.